ஊர் நகரமாயிற்று, சேரி என்னவாயிற்று?

போன மாதம் எங்கள் பகுதியிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுவிழா மலர் என் கைக்கு வந்தது. அந்தக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போகும் என் சித்திதான் கொண்டுவந்து கொடுத்தது. "நம்ம ஊரப் பத்தி எழுதிகீறாங்களாம். நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே, இன்னா எழுதிகீறாங்கன்னு படிச்சுச் சொல்லு" என்றது.

வழவழப்பான தாளில் நான்கு பக்கம். அமைவிடம், வரலாறு, வசதிகள் என்று மூன்று தலைப்புகள். விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர், டைடல் பார்க் எத்தனை கிலோமீட்டர், கடற்கரைக்கு எத்தனை நிமிடம் என்பது அமைவிடம். ஒரு கோயில், அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஒரு ராஜா, அதற்குப் பிறகு நேராகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். இது வரலாறு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வணிக வளாகம், நீச்சல்குளம். இவை வசதிகள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். எங்கள் காலனி இருக்கிற இடத்தை அதில் வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

"நம்மளப் பத்தி இன்னா போட்டுகீறான்?" சித்தி கேட்டது.

"ஒண்ணும் போடல சித்தி."

"ஒண்ணுமேவா? எங்க ஆயா காலத்திலேர்ந்து இங்கதானேடா கீறோம்."

அந்த மலரை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வந்து பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது. அவர்களுக்கு யார் சொன்னார்களோ அதை எழுதியிருக்கிறார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் நம்முடைய பிரச்சினை. அதனால் அவர்கள் வைத்த அதே மூன்று தலைப்புகளில் விட்டுப்போனதை எழுதலாமென்று உட்கார்ந்தேன்.

என் ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயம் காரணமல்ல. பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், பள்ளிக்கரணை, ஜல்லடியன்பேட்டை, செம்மஞ்சேரி என்று கழுவெளியைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்தின் பெயரைப் போட்டு வாசித்தாலும் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. அதுவுமில்லாமல் ஊர்ப்பெயர் என்றைக்கு எங்களுடையதாக இருந்தது? "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொல்வோம். "ஊர்லியா, காலனியிலியா?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த இரண்டாவது கேள்விக்குச் சொல்கிற பதில்தான் எங்கள் முகவரி.

அமைவிடம்

மத்திய கைலாசத்திலிருந்து தெற்கே போகிற பழைய மகாபலிபுரம் சாலையை இன்று ஓ.எம்.ஆர். என்கிறார்கள். ராஜீவ் காந்தி சாலை என்று அரசு பெயர் வைத்திருக்கிறது. சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கும் கிழக்கே கடல். சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி. தென்சென்னையையும் தாம்பரம் பக்கத்தையும் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இந்தக் கழுவெளியில்தான் வந்து சேரும். இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளத்தில் கடலைச் சேரும். ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது என்பார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது குறித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்தான்.

பாடப்புத்தகப் பூகோளம் இவ்வளவுதான். சாதிப் பூகோளம் இனிமேல்தான் வருகிறது. கடல் மட்டத்தைவிடச் சில அடிகளே உயரமான இந்தத் தரையில் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அளப்பதற்குக் கருவியும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் யார் வீட்டில் முதலில் தண்ணீர் ஏறுகிறதென்று பார்த்தால் போதும். எங்கள் ஊரில் கோயில், குளம், ஊர்த்தெரு எல்லாம் மணல்மேட்டில் இருக்கின்றன. சரிவு இறங்கி, வயலைத் தாண்டி, கழுவெளியின் ஓரத்தில் சேரி. சேரிக்கும் கீழே சுடுகாடு. யாரும் தற்செயலாக இப்படிக் குடியேறவில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும்கூடத் தீட்டுப் பார்த்து வகுத்த இடம் இது.

ஆனால் பள்ளத்தில் தள்ளிய எங்களைக் கழுவெளி கைவிடவில்லை. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் ஊரான் வீட்டு வாசலில் போய் நிற்காமல் எங்களைக் காப்பாற்றியது அதுதான். தாத்தா கோரை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். ஆயா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி விராலும் கெளுத்தியும் பிடிக்கும். நத்தை பொறுக்கும். நண்டு பிடிக்கும். மாடு மேய்கிற இடமும் அதுவே. இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊரில் எங்களுக்குச் சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது, கழுவெளியில் கால் வைக்காதே என்று சொல்லவும் ஆள் கிடையாது.

அரசாங்கத்தின் கணக்கில் இதே இடத்துக்குப் பெயர் புறம்போக்கு. யாருக்கும் பயன்படாத தரை என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். எங்களைத் திட்டுவதற்கும் அதே வார்த்தையைத்தான் எடுத்தார்கள். நிலத்தையும் மனிதனையும் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடிகிற மொழியில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், எங்கள் மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம், 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம், 2018இல் சென்னை மாவட்டம். தாலுகாவும் அப்படியே. சைதாப்பேட்டை, தாம்பரம், சோழிங்கநல்லூர். பட்டா வைத்திருக்கிறவனுக்கு இதனால் ஒரு நஷ்டமுமில்லை. பட்டா இல்லாதவன் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வரலாறு

பழைய செங்கல்பட்டு ஜில்லா மிராசு முறையின் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வந்தபோது ஒவ்வொரு கிராமத்திலும் சில குடும்பங்கள் நிலம், குளம், தரிசு, வீட்டுமனை எல்லாமே தங்கள் காணியாட்சி என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தன. அந்த உரிமையில் உழுகிற மனிதனும் அடக்கம். அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையென்று 1843இல் சட்டம் வந்தது. சட்டம் வந்து என்ன? குடியிருக்கிற குடிசையின் தரை மிராசுதாரனுடையது. கூலி போதாதென்று வாய் திறந்தால் குடிசையைப் பிரி என்பான். சங்கிலியில்லாமலே ஆளைக் கட்டிப்போடுகிற வித்தை அது.

இதை எழுத்தில் வைத்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாவின் பறையர்களுடைய நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத இந்த மக்களுக்கு நிலம் கொடுக்காமல் மற்றெதைச் செய்தும் பயனில்லை என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்படி கொடுக்கப்பட்டதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இப்படி ஒதுக்கப்பட்டது சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. கிராமக் கணக்கில் அந்த நிலத்தின் எதிரே டி.சி. என்று இரண்டெழுத்து இருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கும் அந்த இரண்டெழுத்து நிலம் இருந்தது. "மூணு ஏக்கரா. கேவுரு போடுவோம். மேட்டுப் பக்கத்துல வேர்க்கடல" என்று ஆயா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எப்படிப் போனது? ஒரு பஞ்ச வருஷம். ஒரு மூட்டை நெல். ஒரு கல்யாணக் கடன். வெற்றுத்தாளில் ஒரு கைநாட்டு. அந்த நிலத்தில் பிறகு சவுக்குத் தோப்பு வந்தது. 1980களில் கல் நட்டு மனை போட்டார்கள். இன்று அங்கே மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. நிபந்தனையை மீறி நடந்த விற்பனை செல்லாது என்பது அந்த ஆணையிலேயே இருக்கிறது. ஆனால் செல்லாத பத்திரங்களை அடுக்கி அதன்மேல்தான் இந்தப் புறநகரைக் கட்டியிருக்கிறார்கள்.

அதைத் திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே செங்கல்பட்டு மாவட்டம்தான் சாட்சி. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். மலர் போடுகிறவர்களின் வரலாற்றில் ராஜாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்கிற நீண்ட இடைவெளியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன.

பிறகு நகரம் வந்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க். 2008இல் ஆறுவழிச் சாலை. 2011இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக வீங்கியது. பெருங்குடி, பள்ளிக்கரணை, ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், ஜல்லடியன்பேட்டை, செம்மஞ்சேரி எல்லாம் அப்படித்தான் உள்ளே போயின.

இங்கே சில நண்பர்கள் கேட்பார்கள்: "கிராமம் அழிந்தது நல்லதுதானே? கிராமம்தான் சாதியின் தொட்டில் என்று சொன்னவர் அம்பேத்கர் இல்லையா?" உண்மை. கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே பதில் சொன்னார் பாபாசாகேப். எங்கள் கிராமம் செத்ததற்கு நான் ஒப்பாரி வைக்கவில்லை. என் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவில் நான் பைக் ஓட்டுகிறேன். டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். என்னோடு படித்தவன் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறான். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. நகரத்துக்கு அந்த வலிமை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்துக்குப் போங்கள் என்று சொன்னபோது, ஆண்டையின் பிடியிலிருந்து தப்பிப் போ என்பது அதன் அர்த்தம். இங்கே நாங்கள் நகரத்துக்குப் போகவில்லை. நகரம் எங்கள்மேல் வந்து இறங்கியது. வந்த நகரம் யாரிடம் பேரம் பேசியது? பத்திரம் யார் கையிலோ அவனிடம். வயல் வைத்திருந்தவனுக்கு வயல் மனையாயிற்று, மனை கோடியாயிற்று. மிராசுதாரன் பேரன் பில்டரானான், கல்யாண மண்டபம் கட்டினான், தண்ணீர் லாரி விட்டான், எல்லாக் கட்சியிலும் வட்டச் செயலாளரானான். எங்களிடம் பத்திரம் இல்லை, புழங்குகிற உரிமை மட்டுமே இருந்தது. கோரை அறுக்க, மீன் பிடிக்க, மாடு மேய்க்க, பிணம் புதைக்க. புழங்குகிற உரிமைக்கு எந்த பில்டரும் விலை கொடுப்பதில்லை. அதனால் ஊர் நகரமானபோது சாதி இந்துவின் சொத்து பல மடங்காயிற்று, எங்களிடம் இருந்த கொஞ்சமும் போயிற்று. நான் சொல்ல வந்ததே இதைத்தான். பழைய சாதிச் சொத்து ரியல் எஸ்டேட் முதலாக மாறி உட்கார்ந்துகொண்டது. அது சட்டை மாற்றிக்கொண்டதைப் பார்த்துச் சாதி போய்விட்டதென்று நினைக்கிறோம்.

வசதிகள்

கழுவெளி கரைகளுக்கு நகரம் கொண்டுவந்த வசதிகளை வரிசையாகச் சொல்கிறேன். மலரில் வராதவை.

முதல் வசதி, குப்பை. தென்சென்னையின் குப்பையை 1980களின் பிற்பகுதியிலிருந்து பெருங்குடியில் கழுவெளிக்குள்ளேயே கொட்டினார்கள். மீன் பிடித்த இடத்தில் மலை எழும்பியது. 2022 ஏப்ரலில் அந்த மலை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. எங்கள் வீட்டுச் சோற்றில் புகை நாறியது. அங்கே பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வயிறு கழுவியவர்களும் நம்மவர்கள்தான். இப்போது குப்பையைத் தோண்டிப் பிரித்து இடத்தை மீட்கும் வேலை நடக்கிறது. நல்லது. மீட்ட இடம் யாருக்கு என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வசதி, கழிவுநீர். நகரத்தின் சாக்கடையைச் சுத்திகரிக்கிற நிலையம் பெருங்குடியில் இருக்கிறது. ஆனால் எங்கள் காலனிக்குப் பாதாளச் சாக்கடை வரப் பல வருஷம் பிடித்தது. ஊரிலுள்ளவன் மலமெல்லாம் இங்கே வரும், எங்கள் மலம் மட்டும் எங்கள் வாசலில் நிற்கும்.

மூன்றாவது வசதிதான் பெரியது. மனிதர்களைக் கொண்டுவந்து கொட்டியது. 2000இலிருந்து சென்னை நகரத்துக்குள் கூவம் கரையிலும் கடற்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களைப் பிடுங்கி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் என்று அடைத்தார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. அதற்குப் பிறகு பெரும்பாக்கம். பெரும்பகுதி தலித் மக்கள். வேலை அங்கே, வீடு இங்கே. வீட்டுவேலை செய்த அம்மா விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றது. நீர்நிலையை ஆக்கிரமித்தார்கள் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து விரட்டப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் கழுவெளியின் கரை. ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே தண்ணீர் நிற்கிறது. 2015இலும் நின்றது, 2023 டிசம்பர் புயலிலும் நின்றது.

இதில் நம்முடைய குற்றமும் ஒன்று உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கண்ணகி நகர் வந்தபோது எங்கள் காலனிக்காரர்கள் அவர்களை எப்படிப் பேசினோம்? "போர்டுக்காரனுங்க. திருட்டுப் பசங்க. பொண்ணு குடுக்காத, பொண்ணு எடுக்காத." ஊர்க்காரன் எங்களைப் பேசிய பேச்சை அப்படியே அவர்களுக்குத் திருப்பினோம். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னபோது, "ஊர்லியா காலனியிலியா" என்று கேட்கப்பட்ட நமக்குத்தானே முதலில் சுட்டிருக்க வேண்டும்? சுடவில்லை.

எனக்குச் சுட்டது 2015 டிசம்பரில். வெள்ளத்தில் என் பெரியப்பா செத்துப்போனார். காலனியில் இடுப்பளவுத் தண்ணீர். கழுவெளி ஓரமாகச் சுடுகாட்டுக்குப் போகிற எங்கள் பழைய பாதையை அதற்குள் ஒரு குடியிருப்பு வளாகம் மதில் வைத்து அடைத்திருந்தது. மெயின்ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும், அங்கேயோ கழுத்தளவு. ஒருநாள் முழுக்கப் பிணத்தைக் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு வைத்திருந்தோம். மறுநாள் காலையில் தெர்மகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, அதில் கிடத்தி இழுத்துக்கொண்டு அந்த வளாகத்தின் கேட்டுக்குப் போனோம். உள்ளே புகுந்து போனால் இருநூறு அடி. வெளியாட்களை விடக்கூடாது என்று உத்தரவு. காவலுக்கு நின்ற பையனுக்கு இருபது வயசுதான் இருக்கும். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான். அப்புறம் கேட்டைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் போங்கண்ணா" என்றான். தானும் தண்ணீரில் இறங்கி ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எந்த ஊருப்பா?" என்று கேட்டேன்.

"கண்ணகி நகர்ணா."

அடுத்த மாதம் அவனுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பாதை இன்றைக்கும் திறக்கவில்லை.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊராட்சியாக இருந்தவரை நூறு நாள் வேலை உண்டு, மாநகராட்சியானதும் போயிற்று. வீட்டுவரி மட்டும் மாநகராட்சிக் கணக்குக்கு ஏறியது. வயல்களில் போர் போட்டு உறிஞ்சி லாரி லாரியாகத் தண்ணீர் விற்றார்கள், எங்கள் அடிபம்பில் உப்பு ஏறியது. சித்தி வேலை செய்கிற வளாகத்தில் இரண்டு லிப்ட். வேலைக்காரர்கள் சரக்கு ஏற்றுகிற லிப்டில்தான் போக வேண்டும். டீக்கடையில் ஒரே கிளாஸ் ஆனதென்று மேலே எழுதினேன். இரட்டைக் குவளை எங்கே போனது என்று தேடினால், பத்தாவது மாடிக்கு ஏறியிருக்கிறது.

"2022இல் சென்னை மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண் உட்கார்ந்தாரே, அது வசதியில்லையா?" என்று கேட்கலாம். பிரியா மேயரானபோது எங்கள் காலனியில் பட்டாசு வெடித்தோம். அந்தப் பெருமிதத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கிராம ஊராட்சியாக இருந்தபோது தனித்தொகுதி என்றால் எங்கள் காலனியிலிருந்தே ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார முடியும், குழாய் எந்தத் தெருவுக்கு என்று அவர் கையெழுத்துப் போட முடியும். ஒரு காலனி கேட்கக்கூடிய தூரத்தில் அதிகாரம் இருந்தது. 200 வார்டு மாநகராட்சியில் அந்தத் தூரம் எவ்வளவு என்று ரிப்பன் மாளிகைக்கு மனு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவர்களுக்குத் தெரியும்.

இப்போது என்ன?

இப்போது எங்கள் காலனியின் கீழ்க்கோடியிலுள்ள வீடுகளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பாம். எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறீர்கள், என்ன ஆதாரம் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். என் சித்தி அங்கே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "சார், எங்க ஆயா பொதைச்ச எடத்தத் தோண்டிக் காட்டவா?" என்றது. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள அவர்களிடம் பாரம் இல்லை.

கழுவெளியைக் காப்பாற்ற வேண்டும் என்கிற சுற்றுச்சூழல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைவிட அதிகமாக நாங்கள் விரும்புகிறோம். பூநாரை வருகிறதா இல்லையா என்பது உங்களுக்குக் கவலை. எங்களுக்கு அது சோறு. ஆனால் இந்தக் கழுவெளியைத் தின்றது யார்? ரோடு போட்டவர்கள், குப்பை கொட்டியவர்கள், ரயில் நிலையம் கட்டியவர்கள், ஆராய்ச்சி நிலையம் கட்டியவர்கள், மனை போட்டு விற்றவர்கள். அரசாங்கத்தின் கையெழுத்தில்லாமல் இதில் எது நடந்தது? கடைசியில் காப்பாற்றும் வேலையைச் சேரியிலிருந்து தொடங்குகிறார்கள். மேட்டை எடுத்துக்கொண்டு எங்களைப் பள்ளத்தில் வைத்தவர்கள், பள்ளத்தில் இருப்பது குற்றம் என்று இன்று தீர்ப்பெழுதுகிறார்கள். இது சுற்றுச்சூழல் நியாயம் ஆகாது. இடித்தே தீர வேண்டுமென்றால் பட்டியலை மேலேயிருந்து எழுதுங்கள். எங்கள் பெயர் வருகிறபோது நாங்களே கூரையைப் பிரித்துத் தருகிறோம்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, மாநகராட்சியில் சேர்ந்துபோன ஒவ்வொரு கிராமத்திலும் பழைய கிராமக் கணக்கில் டி.சி. என்று குறித்த சர்வே எண்களை எழுதி வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வீடு கட்டிவிட்டார்கள், ஆபீஸ் கட்டிவிட்டார்கள் என்பது பதிலல்ல. யார் நிலத்தில் கட்டியிருக்கிறது என்பதாவது முதலில் வெளியே தெரியட்டும். இரண்டு, சேரி நத்தத்தில் பரம்பரையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்காமல் ஒரு நோட்டீஸும் கொடுக்கக்கூடாது. மூன்று, சுடுகாட்டுப் பாதைகளை அளந்து கல் நட வேண்டும், மதில் எவனுடையதாக இருந்தாலும் சரி. நான்கு, கழுவெளியைப் பாதுகாக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும் அதில் மீன் பிடித்தவர்களுக்கும் கோரை அறுத்தவர்களுக்கும் உரிமையும் வேலையும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை எங்கள் காலனி தனியாகக் கேட்டால் காதில் விழாது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்கள் நிற்பதற்கு முன்னால் நாங்கள் போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கடன் எங்கள்மேல் பாக்கி இருக்கிறது.

கடைசியாகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ரேஷன் கார்டு, கிஸ்தி ரசீது, பள்ளிக்கூட சர்டிபிகேட், கைநாட்டு வைத்த பத்திர நகல், கிழிந்திருந்தாலும் கரையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டிலுள்ள ஆயாக்களிடம் உட்கார்ந்து, எது யார் நிலம், சுடுகாட்டுக்கு எந்தப் பக்கமாகப் போனோம், எந்த வருஷம் யார் மதில் வைத்தான் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மலரின் வெள்ளையாக விட்ட வரைபடத்தில் எங்கள் காலனியின் தெருக்களை நான் பேனாவால் வரைந்தேன். கிணறு, புளியமரம், அம்பேத்கர் மன்றம், மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட சுடுகாட்டுப் பாதை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "பாதய இன்னும் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போடு. அங்கதான் இருந்துச்சு" என்றது. தள்ளி வரைந்தேன். நாளைக்கு இதைப் படியெடுத்து நோட்டீஸுக்குக் கொடுக்கிற பதிலோடு இணைக்கப்போகிறோம்.